127 என்ற எண்: பாலில் மெலமினும் நிறை நிறமாலைமானியின் சாட்சியமும்

2008 செப்டம்பரில் சீனாவின் ஹெபெய் மாகாணத்தைச் சேர்ந்த சான்லு நிறுவனத்தின் குழந்தைப் பால்மாவில் மெலமின் கலந்திருப்பது அம்பலமானது. அரசுக் கணக்கின்படி ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர். சில மாதிரிகளில் கிலோவுக்கு 2,500 மில்லிகிராமையும் தாண்டி மெலமின் இருந்தது. பழைய கெல்டால் சோதனை ஏமாந்தது, நிறை நிறமாலைமானி வந்து காப்பாற்றியது என்றுதான் இந்த நிகழ்வைப் பகுப்பாய்வு வேதியியலார் பலரும் சொல்வது வழக்கம். இதில் பாதியைத்தான் ஏற்க முடியும். நிறை நிறமாலைமானி தருவது ஒரு எண்: அயனியின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதம். அந்த எண்ணிலிருந்து ஒரு சேர்மத்தின் பெயருக்குப் போகும் வழி முழுவதும் ஆய்வாளர் அடுக்கும் வாதம். மெலமினைப் பொறுத்தவரை அந்த வாதம் வலுவானதுதான். ஆனால் அந்த வலு எங்கிருந்து வருகிறது என்பதைப் பலரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

முதலில் ஏமாந்த முறை. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் யோஹான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறை புரதத்தை அளப்பதே இல்லை. மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கி அளக்கிறது. கிடைத்த நைட்ரஜனைப் பாலுக்கு 6.38ஆல் பெருக்கினால் வருவது ‘புரதம்’. மெலமின் மூலக்கூறில் மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஆறு நைட்ரஜன், எடையில் 66.6 விழுக்காடு நைட்ரஜன். ஆகவே 1 கிராம் மெலமின் 4.25 கிராம் புரதமாகக் கணக்கில் ஏறும். தண்ணீர் ஊற்றிய ஒரு லிட்டர் பாலில் அந்த ஒரு கிராமைக் கரைத்தாலே புரத அளவு 0.4 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்து தெரியும். அவ்வளவும் சாதாரண வெப்பநிலையிலேயே கரைந்துவிடும்.

இந்த மோசடியைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி தேவைப்பட்டிருக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முக்குளோரோ அசிட்டிக் அமிலம் சேர்த்தால் புரதம் திரிந்து வீழ்படிவாகும். மெலமின் வடிநீரில் போய்விடும். வீழ்படிவின் நைட்ரஜனையும் மொத்த நைட்ரஜனையும் தனித்தனியே அளந்திருந்தால், புரதமல்லாத நைட்ரஜன் வழக்கத்துக்கு மாறாகக் கூடியிருப்பது தெரிந்திருக்கும். பல பத்தாண்டுகளாகப் பால் வேதியியலில் இருக்கும் நடைமுறை இது. கொள்முதலில் புரதம் மொத்த நைட்ரஜனை வைத்தே மதிப்பிடப்பட்டதால் அது செய்யப்படவில்லை. ஆனால் அந்த வேறுபாடு ‘ஏதோ அந்நிய நைட்ரஜன்’ என்பதோடு நின்றுவிடும். அது யூரியாவா மெலமினா என்று சொல்லாது. நிறை நிறமாலைமானிக்கு வேலை தொடங்குவது இந்த இடத்தில்.

மாதிரியை அயனியாக்கும் மின்தெளிப்பு முறையில் மெலமின் ஒரு புரோட்டானை ஏற்று 127 என்ற இடத்தில் தோன்றும். பாலைச் சூடாக்கும்போது சர்க்கரையிலிருந்து உருவாகும் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுராலும் புரோட்டானை ஏற்று அதே 127இல் தோன்றும். இதன் மூலக்கூறில் ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். ஒன்று நஞ்சாகக் கலந்தது, மற்றொன்று காய்ச்சிய பாலில் இயல்பாக உண்டாவது. முழு எண்ணை மட்டும் பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. சேர்மங்களைத் தூணில் பிரிக்கும் வண்ணப்பிரிகைப் படியே இல்லாமல், மாதிரியை நேரடியாக அயனியாக்கும் விரைவு முறைகளில் இந்தக் குழப்பம் வெறும் ஏட்டுக் கணக்கல்ல.

துல்லிய நிறையில் இரண்டும் பிரியும். மெலமின் அயனி 127.0727, மற்றது 127.0390. வேறுபாடு 0.0337. இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் அழகாக இருக்கும். இரண்டு நைட்ரஜன் அணுக்களின் நிறை 28.0061, ஒரு கார்பனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்தால் 27.9949. இந்த இரண்டு மூலக்கூறுகளுக்கும் உள்ள வேறுபாடு இதே இடமாற்றம் மூன்று முறை நடந்ததற்குச் சமம். அணுக்கரு பிணைப்பாற்றலின் சிறு ஏற்றத்தாழ்வு பால்மா ஆய்வில் ஒரு தீர்ப்பாகிறது. இரண்டையும் பிரித்துக் காண ஏறத்தாழ 4,000 பிரிதிறன் போதும். பறப்புநேரக் கருவிகளுக்கு இது எளிது. சாதாரண குவாட்ருபோல் கருவிக்கு எட்டாது.

இருந்தும் நடைமுறையில் பெரும்பாலான ஆய்வகங்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்தது மூன்று குவாட்ருபோல்களை வரிசையில் அடுக்கிய, பிரிதிறன் குறைந்த கருவியைக் கொண்டுதான். முதல் வடிகட்டி 127ஐ மட்டும் விடும். அடுத்த அறையில் வளிம மூலக்கூறுகளோடு மோதி அயனி உடையும். கடைசி வடிகட்டி துண்டுகளை எண்ணும். மெலமின் ஒரு சயனமைடை இழந்து 85ஐயும், மேலும் உடைந்து 68ஐயும் தரும். ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரால் நீரை இழந்து 109 தரும். நிறையின் துல்லியம் செய்யாததை உடைபடும் விதம் செய்துவிடுகிறது. சாட்சியத்தின் வலு ஒன்றையொன்று சாராத கட்டுப்பாடுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது, தசம இடங்களில் மட்டும் இல்லை என்று நான் வாதிடுவது இதனால்தான். விலங்குவழி உணவிலுள்ள எச்சங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2002இல் வகுத்த விதி இதையே மதிப்பெண்ணாக்கியது: குறைபிரிதிறன் கருவியில் தாய் அயனிக்கு 1, ஒவ்வொரு துண்டுக்கும் 1.5, தடைசெய்யப்பட்ட பொருளை உறுதிசெய்ய 4 வேண்டும். 2021இல் வந்த புதிய விதி வண்ணப்பிரிகைக்கும் 1 மதிப்பெண் தந்து, தேவையை 5ஆக உயர்த்தியது. காலம் கடந்து வந்தாலும் சரியான திருத்தம்.

வண்ணப்பிரிகையை அலட்சியம் செய்பவர்களுக்கு மெலமின் நல்ல பாடம். மிகுந்த முனைவுள்ள இந்த மூலக்கூறு வழக்கமான கொழுப்புநாட்டத் தூண்களில் நிற்காமல் உப்போடும் சர்க்கரையோடும் முதலிலேயே வெளியேறிவிடும். அந்தக் கூட்டத்தில் அயனியாகும் வாய்ப்பு குறைந்து, இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். நீர்நாட்டத் தூணும், கனமான ஐசோடோப்புகளால் அடையாளமிட்ட மெலமினை முன்கூட்டியே சேர்ப்பதும் இதற்கு மாற்று.

பிரித்தெடுப்பில் இன்னொரு பொறி உண்டு. 2007இல் வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்கு மெலமினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்து உருவாக்கிய, நீரில் ஏறத்தாழக் கரையாத படிகமே காரணம். குழந்தைகளின் கற்களில் மெலமினோடு இருந்தது யூரிக் அமிலம். அந்தப் படிகத்தைக் கரைக்காத நீர்மத்தால் மாதிரியைப் பிரித்தெடுத்தால், நச்சு வடிதாளிலேயே தங்கிவிடும். கருவி ‘இல்லை’ என்று நேர்மையாகவே சொல்லும். சயனூரிக் அமிலம் எதிர்மின் அயனியாக 128இல்தான் நன்கு தெரியும். நேர்மின் முறையில் மட்டும் ஓட்டும் ஆய்வகம் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

கெல்டாலின் குருட்டுத்தன்மை எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது. 127இலிருந்து 85 என்ற பாதையை மட்டும் கவனிக்கும் முறைக்கு நேரெதிர்க் குருட்டுத்தன்மை: கேட்டதைத் தவிர வேறெதையும் அது காணாது. 2013 ஜனவரியில் நியூசிலாந்துப் பால்பொருள்களில் டைசயன்டைஅமைடின் சிறு தடயங்கள் இருந்தது தெரியவந்தது. மேய்ச்சல் நிலத்தில் நைட்ரேட் கசிவைக் குறைக்கத் தூவிய பொருள் அது. உர நிறுவனங்கள் அதன் விற்பனையை நிறுத்திவைத்தன. மெலமின் மூன்று சயனமைடு அலகுகளின் சேர்க்கை என்றால் இது இரண்டின் சேர்க்கை. நைட்ரஜன் விழுக்காடும் அதே 66.6. புரோட்டானேற்றிய அதன் அயனி 85, மெலமின் உடைந்து தரும் துண்டின் அதே வாய்பாடு. மெலமின் தேடும் கருவிகள் ஒவ்வொரு நாளும் 85ஐ எண்ணிக்கொண்டிருந்தன. பாலிலிருந்தே நேராக வரும் 85ஐ முதல் வடிகட்டி வாசலிலேயே தள்ளிவிடும்.

டைசயன்டைஅமைடு தடய அளவில் இருப்பதால் மொத்த நைட்ரஜன் வேறுபாடும் அதைக் காட்டாது. ஆகவே இலக்குநோக்கிய அளவீட்டோடு, உயர்பிரிதிறனில் முழு வீச்சுப் பதிவு ஒன்றையும் எடுத்துச் சேமித்துவைப்பதை உணவு ஆய்வகங்கள் வழக்கமாக்க வேண்டும். உணர்திறன் சற்றுக் குறையும், சேமிப்புச் செலவு கூடும். ஆனால் அடுத்த கலப்படத்தின் பெயர் தெரியவரும் நாளில் பழைய பதிவிடம் புதிய கேள்வியைக் கேட்க முடியும். அதுவரை ‘கண்டறியப்படவில்லை’ என்று கையொப்பமிடும் ஒவ்வோர் அறிக்கையும் எந்த நீர்மத்தால் பிரித்தெடுத்தது, எந்த மின்னூட்டத்தில் ஓட்டியது, எந்தப் பாதைகளை மட்டும் பார்த்தது என்பவற்றை அதே பக்கத்தில் அச்சிடட்டும்.