100 பெருசா, 81 பெருசா?

1962 மார்ச் 2. அமெரிக்காவின் ஹெர்ஷி நகரில் நடந்த என்பிஏ ஆட்டத்தில் வில்ட் சேம்பர்லின் தனி ஆளாக 100 புள்ளி எடுத்தார்.

2006 ஜனவரி 22. லேக்கர்ஸ் அணியின் கோபி பிரையன்ட் 81 எடுத்தார்.

யார் ஆட்டம் சிறந்தது? 100னு சொல்லத்தான் வாய் வரும். கொஞ்சம் பொறுங்க நண்பர்களே.

"இந்த மருந்துல 100 பேருக்குக் குணமாச்சாம் டாக்டர்" என்று யாராவது சொன்னா, எத்தனை பேருக்குக் கொடுத்தாங்கன்னுதான் முதலில் கேட்பேன். கூடைப்பந்திலும் அதே கேள்விதான்.

ஆரம்பத்தில் இருந்தது எளிய சதவீதம். எறிந்ததில் எத்தனை விழுந்தது, அவ்வளவுதான். 1979-80 சீசனில் என்பிஏ மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டு வந்ததும் அது நொண்ட ஆரம்பிச்சது. 10 ஷாட்டில் 5 இரண்டு புள்ளி போட்டவர் 50%, எடுத்தது 10. இன்னொருவர் 10 ஷாட்டில் 4 மூன்று புள்ளி. 40% தான், ஆனா எடுத்தது 12!

இதைச் சரிசெய்ய வந்த கணக்குகளில் எனக்குப் பிடிச்சது 'ட்ரூ ஷூட்டிங்'. ஷாட் எண்ணிக்கையோடு, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கிக் கூட்டுங்க. அதை இரட்டிப்பாக்கி, எடுத்த புள்ளிகளை அதனால் வகுங்க.

அதென்ன 0.44? ஃபவுலுக்குப் பெரும்பாலும் 2 ஃப்ரீ த்ரோ. அப்போ ஒரு த்ரோ அரை வாய்ப்பு, 0.5 வரணும். ஆனா கூடையும் விழுந்து ஃபவுலும் ஆனால் கிடைக்கும் ஒத்தை த்ரோ புது வாய்ப்பு எதையும் செலவழிக்கிறதில்ல. இந்த மாதிரிக் கழிவுகள் போக 0.44.

இப்போ போட்டுப் பாருங்க. வில்ட்: 63 ஷாட், 32 ஃப்ரீ த்ரோ. 64.9%. கோபி: 46 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ. 73.9%.

"வில்ட் காலத்துல மூணு புள்ளியே கிடையாதே டாக்டர்?" நியாயம். கோபியின் 7 மூன்று புள்ளிகளையும் இரண்டாகவே எண்ணினாலும் 67.5%. அப்பவும் கோபிதான்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒருத்தரை எடை போடாதீங்க. 2000-01 சீசனின் எம்விபி ஆலன் ஐவர்சன். சராசரி 31.1 புள்ளி, லீக்கிலேயே முதலிடம். ட்ரூ ஷூட்டிங் வெறும் 51.8%. விமர்சகர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க. அந்த ஃபிலடெல்ஃபியா அணியில் புள்ளி எடுக்க வேற ஆள் குறைவு என்பதை எந்தச் சதவீதமும் சொல்லாது. எதிரணி மொத்தமும் அவரைத்தான் சுத்தி நிக்கும். கடிகாரம் முடியப் போகும்போது பந்து அவர் கையில்தான்.

அந்த வருட ஃபைனல்ஸின் முதல் ஆட்டத்தில் 41 ஷாட் எறிந்து 48 புள்ளி எடுத்தார். 53.4%. அந்த ப்ளேஆஃப்ஸ் முழுக்க லேக்கர்ஸ் தோற்ற ஒரே ஆட்டம் அதுதான்.