பொட்டாஷ் மூட்டையும் போடிமெட்டுப் பாறையும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆடிட்டு, காலாண்டு முடிவு என்று வழக்கமான சாக்குதான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் என்னை இழுத்துக்கொண்டு போன இடத்தில் ஒரு பழைய கடன் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வட்டியோடு சேர்ந்து பெரிதாகிவிட்ட கடன். எழுதிவிட்டால் தூக்கம் வரும் போலிருக்கிறது. பிளாஸ்க்கில் காபி வைத்துக்கொண்டு படியுங்கள், கொஞ்சம் நீளம் :-)

இங்கே மெல்பர்னில் ஆகஸ்டு வந்தால் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறந்துவைத்து, பள்ளிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் சுற்றிக் காட்டுவார்கள். மகளுக்கு பிசிக்ஸ் பைத்தியம். எனக்கோ சித்தூர் கல்லூரியில் படித்த பி.காம் மட்டும்தான். ஒரு மேசையில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்கு. பக்கத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பைக்குள் வெள்ளையாக, வலை மாதிரி ஏதோ ஒன்று. நான் அதைப் பார்த்ததும் கொஞ்சம் சத்தமாகவே, "அட, மேண்டில்!" என்றுவிட்டேன். மேசைக்குப் பின்னால் நின்ற மாணவன் திகைத்துப் போனான். மகள் நான்கடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

மேண்டில் தெரியாமல் இருக்குமா? எங்கள் அப்பா பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரம் செக்போஸ்டுக்குக் கொஞ்சம் தள்ளி, பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், கோயில் விசேஷம், சாவு வீடு, எல்லாவற்றுக்கும் எங்கள் விளக்குதான். 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் செந்தில் கையில் மேண்டில் படும் பாட்டைப் பார்த்து ஊரே சிரித்தபோது அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது நஷ்டக் கணக்கு. புது மேண்டிலின் நூலை எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டு எரிப்பார். எரிந்த பிறகு வெறும் சாம்பல்தான், தொட்டால் உதிரும். அந்தச் சாம்பல்தான் அத்தனை வெளிச்சமும் கொடுத்தது.

அந்தச் சாம்பல் தோரியம். கதிரியக்கம் உள்ள உலோகம். மேசையில் இருந்த பெட்டி காமாக் கதிர் ஸ்பெக்ட்ரோமீட்டர். பெட்டியின் மேல் மேண்டிலை வைத்ததும் லேப்டாப் திரையில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வளர ஆரம்பித்தது. வலது கோடியில் 2615 என்ற இடத்தில் ஒரு குட்டி மேடு. "தோரியம் வம்சத்தின் கையெழுத்து" என்கிற மாதிரி அந்தப் பையன் சொன்னான். அப்புறம் மேண்டிலை எடுத்துவிட்டு, பிரஷர்காரர்கள் சாப்பிடும் மாற்று உப்பு டப்பாவை வைத்தான். இப்போது 1461-ல் மேடு. அது பொட்டாசியம்.

எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன். கீகர் கவுண்டர் என்பது நோட்டு எண்ணும் பழைய மெஷின். எத்தனை நோட்டு என்று மட்டும் சொல்லும், பத்து ரூபாயா ஐந்நூறா என்று சொல்லாது. ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒவ்வொரு நோட்டின் மதிப்பையும் பார்த்துப் பிரித்து அடுக்கும். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளும் தனக்கென்று சில குறிப்பிட்ட ஆற்றலில்தான் காமா கதிரை விடும். ஆற்றலைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். கதிர் ஒரு படிகத்தில் மோதினால் ஒரு துளி ஒளி கிளம்பும், ஆற்றலுக்குத் தக்க ஒளி. இதற்குத் தோதான சோடியம் அயோடைடு படிகத்தை 1948-ல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் கொண்டுவந்தார். அதன்பின் 1960-களில் ஜெர்மானியம் வந்தது. படிகம் என்றால் ஆயிரமா இரண்டாயிரமா என்று தடுமாறும் கேஷியர். ஜெர்மானியம் பைசா வரை பார்க்கும் ஆள், ஆனால் மைனஸ் 200 டிகிரிப் பக்கம் குளிர வைத்தால்தான் வேலை செய்வார்.

'டிஜிட்டல்' என்ற சொல்லின் கதை தனி. முன்பு அந்தத் துடிப்பைப் பெருக்கி, வடிவம் திருத்தி, உயரம் அளக்க ஒரு அலமாரி நிறையப் பெட்டிகள் வேண்டும். இப்போது துடிப்பு எழுந்ததுமே அதை நொடிக்கு 10 கோடி முறை என்ற வேகத்தில் எண்களாக மாற்றிவிடுகிறார்கள். மிச்சமெல்லாம் சிப்புக்குள் நடக்கும் கூட்டல் கழித்தல். பேரேடு கம்ப்யூட்டருக்கு மாறிய கதைதான். ஒரே வித்தியாசம், இதில் யாரும் ஸ்டிரைக் செய்யவில்லை.

ஒரு தொல்லையும் உண்டு. சில கதிர்கள் படிகத்தில் பாதி ஆற்றலை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே ஓடிவிடும். கிழிந்த நோட்டு மாதிரி. 2615-க்காரன் கிழிந்துபோய் 2300-லோ 1500-லோ விழுவான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

மேண்டிலில் இருந்த தோரியம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் ஊர்ப்பக்கம்தான் போய் நிற்கிறது. மேண்டிலைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, இதில் மோனசைட் இருக்கிறது என்று கண்டுகொண்டு, தேடிவந்து மணவாளக்குறிச்சியில் தொழில் தொடங்கினார். நாருக்குக் காசு கொடுத்தார்கள், மண் இலவசமாகப் போனது! சுதந்திரத்துக்குப் பின் 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் ஆரம்பிக்கப்பட்டு, 1952-ல் ஆலுவாயில் ஆலை வந்தது. 1956-ல் மாநிலம் பிரித்தபோது மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு நின்றன. எங்கள் சித்தப்பா குடும்பம் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

அந்த மணல் கிடக்கும் கேரளக் கரையில், கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் வீடு வீடாகக் கதிர் அளந்து, ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருடம் பின்தொடர்ந்து, 2009-ல் முடிவை வெளியிட்டது. கதிர் அதிகமான வீடுகளில் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. அதற்காக மேண்டில் சாம்பலை மூக்கால் இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. அப்பா எச்சில் தொட்டதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கிறது.

சரி, கடன் கதைக்கு வருகிறேன். சித்தப்பாவுக்குப் பூப்பாறை பக்கத்தில் இரண்டு ஏக்கர் ஏலத் தோட்டம். காலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஆட்கள் போடிமெட்டு ஏறி வந்து வேலை பார்த்து, சாயங்காலம் இறங்கிப் போவார்கள். மலைக்கு இந்தப் பக்கம், தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டம். கோலார் தங்கவயலில் 1965-லேயே நிலத்தடியில் நியூட்ரினோவைப் பிடித்துக் காட்டிய நாடு நாம். அந்தச் சுரங்கம் மூடிய பிறகு வேறு இடம் தேடி, முதலில் நீலகிரியில் சிங்காரா பார்த்தார்கள். 2009-ல் புலிக்காடு என்று மறுத்தாயிற்று. கடைசியில் வந்து சேர்ந்தது போடி மேற்கு மலை. சுமார் 2 கிலோமீட்டர் குகைப்பாதை, தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை, 50,000 டன் காந்த இரும்பு. 2015 ஜனவரியில் மத்திய அரசின் ஒப்புதல் செய்தி வந்தது, சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு.

அடுத்த சில வாரங்களில் சித்தப்பா போன் செய்தார்.

"தம்பி, மலைக்குள்ள ஏதோ கதிர் விடப் போறாங்களாம்ப்பா. செடியெல்லாம் பட்டுப்போகும்ங்கிறாங்க. ஒருத்தர் தோட்டத்தை விலைக்குக் கேக்குறாரு. குடுத்துரவா?"

நான் ஒரு மீட்டிங்குக்கும் அடுத்த மீட்டிங்குக்கும் நடுவில் இருந்தேன். "நல்ல விலை வந்தா குடுத்துருங்க சித்தப்பா, எதுக்கு ரிஸ்க்" என்றேன். வங்கிக்காரன் வாயில் தானாக வரும் வாக்கியம். அவர் ஒரு ஏக்கரைக் கொடுத்துவிட்டார். கொடுத்த விலை அப்படி ஒன்றும் நல்ல விலை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மலையைப் பற்றி எல்லோருக்கும் ஒரே பயம். வாங்கியவருக்கு மட்டும் அது இல்லை.

நியூட்ரினோ ஆய்வகம் கதிர் விடும் இடமல்ல, வானத்திலிருந்து வருவதைப் பிடிக்கும் இடம். இதைக்கூட நான் அப்போது படிக்கவில்லை. இப்போது மகள் தேடிக் கொடுத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது. எங்கள் மலையின் பாறையையே எடுத்துப்போய் மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தில் காமா அளந்திருக்கிறார்கள். ஈயமும் செம்பும் சுற்றிக் கட்டிய அறைக்குள் ஜெர்மானியம் கருவி, டிஜிட்டல் பதிவு. சித்தப்பா எனக்குப் போன் செய்வதற்கு முன்பே நடந்த வேலை!

ஏன் அளந்தார்கள்? ஊர்க்காரர்கள் ஆய்வகத்துக்குப் பயந்தார்கள், விஞ்ஞானிகள் பாறைக்குப் பயந்தார்கள். அந்தக் குகையில் வெள்ளீயத்தின் ஒரு வகையை வைத்து, மிக மிக அபூர்வமான ஒரு சிதைவைத் தேட நினைத்தார்கள். அது நடந்தால் 2290 பக்கத்தில் தெரியும். பாறையில் உள்ள தோரியம் வம்சத்தின் 2615 கதிர் கிழிந்த நோட்டாகி அங்கே வந்து விழுந்தால் போச்சு, கள்ளநோட்டு எது நல்லநோட்டு எது என்று தெரியாது. அதனால் குகை வெட்டும் முன்பே பாறையின் கணக்கை எடுத்திருக்கிறார்கள். அதில் தூக்கலாகத் தெரிந்தது பொட்டாசியம்-40. கிராமுக்கு நொடிக்குச் சுமார் 1 சிதைவு. பூமியின் சராசரி மண்ணைவிடக் கூடுதல்தான், ஆனால் கிரானைட் மாதிரிப் பாறைகளில் சாதாரணமாகப் பார்க்கிற அளவு.

இந்த 'கிராமுக்கு 1' என்னைச் சும்மா விடவில்லை. ஏலத்துக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஞாபகம் வந்தது. இயற்கைப் பொட்டாசியம் எங்கே இருந்தாலும் அதில் கதிரியக்கப் பங்கு ஒரே விகிதம்தான், கிராமுக்கு நொடிக்குச் சுமார் 31 சிதைவு. உரத்தில் ஏறக்குறைய பாதி எடை பொட்டாசியம். ஆக, கிராமுக்குப் பதினைந்துக்கு மேல். 50 கிலோ மூட்டைக்கு நொடிக்கு ஏழரை லட்சத்துக்கும் மேலே சிதைவு, அதில் நூற்றுக்குப் பதினொன்று போல அந்த 1461 காமாவை விடும். ஏலம் காயவைக்கும் ஸ்டோர் மூலையில் சித்தப்பா அடுக்கி வைத்திருந்த ஒவ்வொரு மூட்டையும், எடைக்கு எடை அந்த மலையைவிடப் பதினைந்து மடங்கு. முப்பது வருடமாக அவர் சாய்ந்து உட்கார்ந்து பீடி குடித்ததெல்லாம் அந்த மூட்டைகளில்தான். நம் உடம்பிலேயே நொடிக்கு நாலாயிரத்துக்கு மேல் பொட்டாசியம் சிதைகிறது, அதனால் யாரும் பதற வேண்டாம். பீடிதான் பதற வேண்டிய விஷயம்.

இதைப் படித்துவிட்டு, எதிர்த்தவர்கள் எல்லாம் விவரம் இல்லாதவர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெடி வைப்பது, ஊற்றுத் தண்ணீர், அணைகள், மதிகெட்டான் சோலைக்கும் பெரியாறு காட்டுக்கும் நடுவே புலிகள் போகும் பாதை, இவையெல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டரில் பதில் இல்லை. இடுக்கியின் மதிகெட்டான் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்ற விஷயத்தில்தான் 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-ல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சம்மதிக்க முடியாது என்று மனு போட்டபோதும் மலையின் சூழலும் புலிப்பாதையும்தான் காரணம், கதிர் அல்ல. சித்தப்பா விற்றது கதிருக்குப் பயந்து. நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி, "எந்தக் கதிர், எவ்வளவு?" லோன் கேட்டு வருகிறவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறவன் நான்.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மீதி ஒரு ஏக்கரில் விளைந்ததை வைத்து அந்த வருடம் வீட்டுக்குக் கூரை மாற்றினார். விற்றதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்திதான் ஒருமுறை, "அந்த ஏக்கரும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, "விடுப்பா, நீ சாப்பிட்டியா?" என்று முடித்துவிட்டார்.

போன வாரம் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டாஷ் மூட்டைக் கணக்கையும்தான். சித்தப்பா ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம். கைக்கு அடக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று வாங்கித் தரச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். அதைக் கஸ்டம்ஸில் எப்படி விளக்குவது என்றுதான் யோசிக்கிறேன். ஸ்டோர், பாறை, பரணில் கிடக்கும் அப்பாவின் கடைசிப் பெட்ரோமாக்ஸ் என்று அவள் ஒரு பட்டியலே போட்டுவிட்டாள். சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "தாராளமா வரச் சொல்லு. கீழ் ஏக்கர்ல மட்டும் மெஷின் வைக்க முடியாது, அங்க இப்ப வேலி போட்டுட்டாங்க" என்றார்.