கணினியின் பின்கதவு: கண்டறிவதும் அகற்றுவதும்

1999 ஆம் ஆண்டு, சுவீடனில் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்டத்துறை ஆய்வாளர் பயன்படுத்திவந்த அலுவலகக் கணினியில், சிறார்களைப் பாலியல் ரீதியில் சித்தரிக்கும் ஆயிரக்கணக்கான படங்கள் இருப்பது கண்டறியப்பட்டது. அவர் தமது பணியை இழந்தார். விவகாரம் ஊடகங்களில் பெரிதாகப் பேசப்பட்டதைத் தொடர்ந்து நாட்டை விட்டும் வெளியேறினார். 2004 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நீதிமன்றம் அவரைக் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. 'நெட்பஸ்' என்ற மென்பொருளைக் கொண்டு வெளியார் அவரது கணினியை இயக்கியிருந்தனர் என்று நீதிமன்றம் கண்டது.

ஒருவரது கணினியில் அவருக்குத் தெரியாமல் திறக்கப்படும் பின்கதவு, தகவல் திருட்டோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்த வழக்கு ஓர் உதாரணம். கணினியில் நடக்கும் எதற்கும் அதன் உரிமையாளரே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்கதவு என்பது என்ன?

வைரஸ் என்பது கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவுவது. ட்ரோஜன் என்பது பயனுள்ள மென்பொருளாக வேடமிட்டு, பயனாளரின் கையாலேயே நிறுவப்படுவது. இவை உள்ளே நுழைந்தபின், கடவுச்சொல் எதுவும் இன்றி வெளியார் வந்துபோக ஏற்படுத்தி வைக்கும் வழியே பின்கதவு எனப்படுகிறது.

இது பெரும்பாலும் இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று பாதிக்கப்பட்டவரின் கணினியில் ஒளிந்திருக்கும். மற்றது அதற்கு ஆணையிடுபவரிடம் இருக்கும். கோப்புகளைப் படிப்பது, புதியவற்றைப் போட்டு வைப்பது, விசைப்பலகையில் தட்டப்படுவதைப் பதிவு செய்வது, கேமராவையும் ஒலிவாங்கியையும் இயக்குவது ஆகிய அனைத்தும் இதன் மூலம் சாத்தியமாகின்றன.

ஆரம்பகாலப் பின்கதவுகள் வெளியிலிருந்து வரும் அழைப்புக்காகக் காத்திருந்தன. தற்போதையவற்றில் பல, தாமாகவே வெளியே உள்ள வழங்கிக் கணினியைத் தொடர்பு கொள்கின்றன. வீட்டு ரவுட்டர்களும் ஃபயர்வால்களும் உள்ளே வரும் இணைப்புகளைத் தடுத்தாலும், வெளியே செல்பவற்றைப் பொதுவாக அனுமதிப்பதே இதற்குக் காரணம்.

விளையாட்டிலிருந்து உளவு வரை

நெட்பஸ் 1998 ஆம் ஆண்டு வெளியானது. நண்பர்களிடம் விளையாட்டுக் காட்டுவதற்காகவே அதை எழுதியதாக அதை உருவாக்கியவர் கூறியிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், 'கல்ட் ஆஃப் தி டெட் கவ்' என்ற அமெரிக்கக் குழு 'பேக் ஓரிஃபிஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸ் இயங்குதளத்தின் பாதுகாப்புக் குறைபாடுகளை வெளிக்காட்டுவதே நோக்கம் என்று அக்குழு சொன்னது.

2004 ஜனவரியில் மின்னஞ்சல் வழியே பரவிய 'மைடூம்', தான் தொற்றிய கணினிகளில் பின்கதவு ஒன்றையும் திறந்து வைத்தது.

2009 மார்ச்சில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களது சகாக்களும் 'கோஸ்ட்நெட்' என்ற உளவு வலையமைப்பு பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். தலாய் லாமாவின் அலுவலகக் கணினிகளில் தொடங்கிய அந்த ஆய்வு, 103 நாடுகளில் 1,295 கணினிகள் பாதிக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தது. திபெத்திய விவகாரம் தொடர்பானவை போலத் தோன்றிய மின்னஞ்சல்களில் இணைக்கப்பட்ட ஆவணங்களே நுழைவாயிலாக இருந்தன. கட்டுப்பாட்டுக் கணினிகளில் பெரும்பாலானவை சீனாவில் இருந்தன. ஆனாலும் சீன அரசே இதற்குப் பொறுப்பு என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வரவில்லை. சீனத் தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது.

நம்பகமான மென்பொருட்களும் விதிவிலக்கல்ல. 2017 ஆம் ஆண்டு 'சிகிளீனர்' என்ற பிரபல மென்பொருளின் அதிகாரபூர்வப் பதிப்பிலேயே பின்கதவு புகுத்தப்பட்டு, அது 20 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைச் சென்றடைந்தது.

அடையாளங்கள்

நன்கு எழுதப்பட்ட பின்கதவு எந்த அறிகுறியையும் காட்டாமல் இருக்கக்கூடும். ஆயினும் வைரஸ் தடுப்பு மென்பொருள் தானாகவே செயலிழப்பது, பயன்படுத்தாதபோது கேமராவின் விளக்கு எரிவது, அறியாத இடத்திலிருந்து கணக்கில் நுழைந்ததாக அறிவிப்பு வருவது ஆகியவை கவனிக்கத் தக்கவை.

விண்டோஸ் கணினிகளில் 'டாஸ்க் மேனேஜர்' மூலம், கணினி தொடங்கும்போது தாமே இயங்கும் மென்பொருட்களைப் பார்க்கலாம். 'நெட்ஸ்டாட்' என்ற கட்டளை, அந்த நேரத்தில் உள்ள இணைப்புகளைக் காட்டும். ஆனால் இவற்றில் எதுவும் தென்படவில்லை என்பதால் கணினி தூய்மையானது என்று கருதிவிட முடியாது. சில பின்கதவுகள் இயங்குதளத்தையே ஏமாற்றித் தம்மை மறைத்துக்கொள்கின்றன.

அகற்றும் முறை

சந்தேகம் எழுந்தவுடன் கணினியை இணையத்திலிருந்து துண்டிப்பதே முதல் நடவடிக்கை. ஆணையிடுபவருக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு அத்துடன் அறுபடுகிறது.

அடுத்ததாக, பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அதே கணினியில் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் பறிபோகலாம். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றிக்கொள்ளும் வழி மின்னஞ்சலே என்பதால், அதிலிருந்து தொடங்கி, பின்னர் வங்கிக் கணக்குகளுக்குச் செல்வது நல்லது. திறந்திருக்கும் எல்லா நுழைவுகளையும் முடித்துவிட்டு, இரட்டைச் சரிபார்ப்பு முறையை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மின்னஞ்சல்கள் வேறு முகவரிக்குத் தாமாகத் திருப்பப்படுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

மிரட்டல், பண இழப்பு, தாம் வைக்காத கோப்புகள் காணப்படுவது போன்றவை இருந்தால், எதையும் அழிப்பதற்கு முன்பு காவல்துறையையோ சட்ட ஆலோசகரையோ நாட வேண்டும். வெளியார் நுழைந்ததற்கான தடயங்களும் அதே வன்தட்டில்தான் இருக்கின்றன. அவசரத்தில் அதைத் துடைத்தெடுப்பவர், தமது நிரபராதித்தன்மைக்கான சான்றையும் இழக்க நேரிடலாம்.

அதன்பின் சோதனை. விண்டோஸ் 10 மற்றும் 11 இல் உள்ள 'டிஃபெண்டர் ஆஃப்லைன்' சோதனை, வழக்கமான இயங்குதளம் தொடங்குவதற்கு முன்பே கணினியை ஆராய்கிறது. ஒளிந்துகொள்ளும் மென்பொருள் செயல்படத் தொடங்காத நேரம் அது.

ஆனால் ஒரு கோப்பு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டதுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. கதவு திறந்திருந்த நாட்களில் வேறு எவை உள்ளே வைக்கப்பட்டன என்பதைச் சோதனை மென்பொருளால் உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே வன்தட்டை முழுமையாக அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே மிக நம்பகமான வழி. நிறுவுவதற்கான யுஎஸ்பி, வேறொரு கணினியில் தயாரிக்கப்பட வேண்டும். ஆவணங்களையும் புகைப்படங்களையும் மட்டும் பிரதியெடுத்து, திரும்பச் சேர்க்கும் முன் சோதிக்க வேண்டும். பழைய மென்பொருட்களைப் பிரதியெடுக்கக் கூடாது.

இதற்கும் எல்லை உண்டு. 2018 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட 'லோஜாக்ஸ்', தாய்ப்பலகையில் உள்ள நினைவகத்தில் தங்கி, வன்தட்டை மாற்றிய பிறகும் நீடிக்கக்கூடியதாக இருந்தது. இத்தகையவை அரிதானவை.

மீண்டும் நுழையாதிருக்க

இயங்குதளத்தை உடனுக்குடன் புதுப்பிப்பதும், நிர்வாகி உரிமையற்ற கணக்கில் அன்றாட வேலைகளைச் செய்வதும், திருட்டுப் பிரதிகளைத் தவிர்ப்பதும் பெரும்பாலான ஊடுருவல்களைத் தடுக்கும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் தேதியுடன் முடிவடைந்தது என்பதும் கவனிக்கத் தக்கது.

அறிமுகமானவரிடமிருந்து வந்த மின்னஞ்சல் என்பது மட்டும் அதைத் திறப்பதற்குப் போதுமான காரணம் அல்ல. தர்மசாலாவில் திறக்கப்பட்ட ஆவணங்களும், பெறுபவர்கள் அக்கறை கொண்டிருந்த விடயங்களைப் பற்றியவையாகவே இருந்தன.