பாரிஸ் ஒயின் தீர்ப்பு, 1976

பாரிஸ் ஒயின் தீர்ப்பு என்பது, 1976 மே 24 அன்று பாரிஸின் இண்டர்கான்டினென்டல் ஓட்டலில் பிரெஞ்சு ஒயின்களையும் அமெரிக்காவின் கலிபோர்னிய ஒயின்களையும் பெயர் மறைத்து அருகருகே வைத்து மதிப்பிட்ட சுவைச் சோதனையாகும். பாரிஸில் ஒயின் கடையும் ஒயின் பயிற்சிப் பள்ளியும் நடத்திவந்த ஆங்கிலேயரான ஸ்டீவன் ஸ்பரியரும், அவருடன் பணியாற்றிய அமெரிக்கரான பட்ரிசியா கலாகரும், அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டையொட்டி இதனை ஏற்பாடு செய்தனர். கலிபோர்னியக் குப்பிகள், அங்கிருந்து பிரான்சுக்குச் சுற்றுலா வந்த ஒரு குழுவினரின் பயணச் சுமைகளோடு வந்து சேர்ந்தன.

ஷார்டொனே என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து வடித்த பத்து ஒயின்கள் முதலிலும், கபர்னே சோவினியோன் என்னும் கருந்திராட்சையை முதன்மையாகக் கொண்ட பத்துச் சிவப்பு ஒயின்கள் அடுத்தும் பரிமாறப்பட்டன; ஒவ்வொரு வரிசையிலும் ஆறு கலிபோர்னியாவையும் நான்கு பிரான்சையும் சேர்ந்தவை. பிரெஞ்சு வெள்ளை ஒயின்கள் பர்கண்டியிலிருந்தும் சிவப்பு ஒயின்கள் பொர்தோவிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நிறம், மணம், வாயில் தரும் சுவை, இவை ஒன்றோடொன்று இசையும் தன்மை ஆகியவற்றைக் கருதி ஒவ்வொரு ஒயினுக்கும் 20க்கு மதிப்பெண் வழங்கப்பட்டது. சுவைத்தவர்கள் பதினொருவர் எனினும், ஏற்பாட்டாளர் இருவரின் மதிப்பெண்களை விலக்கி, ஒன்பது பிரெஞ்சு நடுவர்களின் மதிப்பெண்களே கணக்கில் கொள்ளப்பட்டன. உணவக உரிமையாளர்கள், ஒயின் தோட்ட முதலாளிகள், ஒயின் இதழாசிரியர் எனத் தம் நாட்டு ஒயினை நன்கறிந்தவர்களே அந்நடுவர்கள் என்பதுதான் இச்சோதனைக்கு எடை சேர்த்தது.

வெள்ளை ஒயின்களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஷாதோ மொன்டெலீனாவின் 1973ஆம் ஆண்டு ஷார்டொனே முதலிடம் பெற்றது. முதல் நான்கு இடங்களில் மூன்று கலிபோர்னியாவுக்குச் சென்றன. சிவப்பில், ஏறத்தாழ மூன்றே ஆண்டு வயதுடைய கொடிகளின் பழத்திலிருந்து வடித்த, கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டாக்ஸ் லீப் வைன் செல்லர்ஸின் 1973ஆம் ஆண்டு ஒயின், முதோன் ரோத்ஷீல்ட், ஓ-பிரியோன் போன்ற பொர்தோவின் தலைசிறந்த பெயர்களை முந்தியது. ஆயினும் சிவப்பு வரிசையின் கடைசி நான்கு இடங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன என்பதை, அந்நாளை ஒரு நாட்டின் முழு வெற்றியாகப் புகழ்வோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

அங்கிருந்த ஒரே செய்தியாளரான டைம் இதழின் ஜார்ஜ் டேபர் இதனை வெளியுலகுக்கு அறிவித்தார். ஒயின்களின் பட்டியல் கையில் இருந்ததால், நடுவர்கள் அறியாததை அவர் அறிந்திருந்தார். கலிபோர்னிய ஒயின் ஒன்றைச் சுவைத்த நடுவர் பிரான்சுக்குத் திரும்பிவிட்டதாக மகிழ்ந்ததையும், பர்கண்டியின் பெரும் புகழ்பெற்ற பதார்-மொன்றாஷேயை மணமற்றது என்று சொல்லி மற்றொருவர் கலிபோர்னியாவுக்கு உரியதாக்கியதையும் அவர் பதிவு செய்தார். பெயர்ச்சீட்டு கண்ணில் படாதபோது நாவு எவ்வளவு வேறாகப் பேசுகிறது என்பதற்கு இவ்விரு சான்றுகளைவிடத் தெளிவானவை அரிது. யார் வென்றார் என்பதைவிட இதுவே அந்நாளின் மெய்யான பயன்.

முடிவின் உறுதி குறித்த ஐயங்களும் நியாயமானவையே. வெள்ளை ஒயின்களின் முடிவைச் சிவப்பைச் சுவைக்கும் முன்னரே அறிவித்தது நடுவர்களின் மனநிலையைப் பாதித்திருக்கும். மேலும், மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காணும்போது, 20 மதிப்பெண்ணை அகலமாகப் பயன்படுத்தும் நடுவரின் விருப்பம், எல்லா ஒயினுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் தருபவரின் விருப்பத்தைவிடக் கூடுதலாகச் செல்வாக்குப் பெறுகிறது. சிவப்பில் முதலிரண்டு ஒயின்களுக்கிடையே இருந்த இடைவெளியோ மிகச் சிறியது.

கலிபோர்னிய ஒயின் இளமையில் இனித்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துவிடும், பொர்தோ ஒயினோ முதிர முதிர மேம்படும் என்பது பிரெஞ்சுத் தரப்பின் வலுவான வாதமாக இருந்தது. 2006இல், முப்பதாண்டு நிறைவையொட்டி, அதே சிவப்பு ஒயின்கள் லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் மீண்டும் சுவைக்கப்பட்டன. ரிட்ஜ் மோன்டே பெல்லோவின் 1971ஆம் ஆண்டு ஒயின் முதலிடம் பெற்றது. முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே உரியவையாயின. அவற்றுள் மூன்று, 1976இல் கடைசி நான்கு இடங்களில் நின்றவை.