இரவு ஷிப்ட்டும் சாப்பாட்டு வேளையும்: ஒரகடம் தொழில் வட்டாரத்தில் உணவும் மனநலமும்

உணவை மாற்றினால் மனம் தெளியும் என்ற கூற்று வார இதழ்த் துணுக்காகவும் மருத்துவ ஆய்வாகவும் ஒரே சமயத்தில் உலவுகிறது. துணுக்குக்குப் பிடித்தது செரோடோனின். அதில் பத்தில் ஒன்பது பங்கு குடலில் உருவாகிறதாம். ஆகவே வயிறு நன்றாக இருந்தால் மனமும் நன்றாக இருக்குமாம். குடலில் உருவாகும் செரோடோனின் இரத்தத்தின் வழியே மூளைக்குள் நுழைவதில்லை என்பதைத் துணுக்கு எழுதுவோர் சொல்வதில்லை.

ஆய்வுகளின் நிலை இதைவிடக் கௌரவமானது. ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு நோயும் மோசமான உணவுப் பழக்கமும் உடைய 67 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு உணவியலாளரின் ஆலோசனை, மற்றொன்றுக்குப் பேச்சுத்துணை. முதல் பிரிவினர் காய்கறி, பயறு, முழுத்தானியம், மீன் ஆகியவற்றைக் கூட்டி, இனிப்பையும் பொரித்ததையும் குறைத்தனர். 12 வாரங்களின் முடிவில் அவர்களில் 32 விழுக்காட்டினர் நோய் தணிந்த நிலைக்கு வந்தனர்; பேச்சுத்துணை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரே வந்தனர். எண்ணிக்கை சிறியது, தாம் எந்தப் பிரிவில் இருக்கிறோம் என்பதும் பங்கேற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் முடிவைப் புறந்தள்ள முடியாது. இங்கு என் கேள்வி வேறு: அந்த ஆலோசனையைப் பின்பற்ற ஓர் அடுப்பும், சமைக்க நேரமும், எதை எப்போது உண்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் வேண்டும். சேரப்பணஞ்சேரியில் அவை யாரிடம் இருக்கின்றன?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்தை ஒட்டிய இவ்வூரைச் சுற்றிலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் ஆலைகள். வெளியூரிலிருந்து வந்து அறை எடுத்தோ ஹாஸ்டலிலோ தங்கும் இளைஞருக்குச் சாப்பாட்டு நேரத்தை வகுப்பது பசி அன்று. ஷிப்ட்டும் கம்பெனி பஸ்ஸும். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் இந்த வாரம் காலை உணவாக இருந்தது அடுத்த வாரம் தூங்கப்போகும் முன் உண்பதாகிவிடும். ஆகவே இவ்வட்டாரத்தில் எதை உண்பது என்பதைவிட எப்போது உண்பது என்பதே முதல் வினா என்பது என் வாதம்.

அதற்கு நேரடிச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் பிரிகாம் மகளிர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டது. உடல்நலமுள்ள 19 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து, இரவுப் பணி போன்ற சூழலை உண்டாக்கினர். பகலிலும் இரவிலும் உண்டவர்களிடம் மனச்சோர்வு போன்ற உணர்வு 26 விழுக்காடும் பதற்றம் போன்ற உணர்வு 16 விழுக்காடும் உயர்ந்தன. அதே இரவு விழிப்புக்கு ஆளாகியும் பகலில் மட்டும் உண்டவர்களிடம் அந்த உயர்வு இல்லை. உடலின் உட்கடிகாரம் உறக்கத்தால் மட்டுமன்றிச் சோற்றாலும் தடுமாறுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஆய்வுக்கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து விழித்திருப்பவருக்கும் அசெம்பிளி லைனில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கும் பசி ஒன்றா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். இரவு முழுதும் பட்டினி கிட என்று தொழிலாளியிடம் சொல்வது அறிவியலுமாகாது, அறமுமாகாது. முழுச் சாப்பாட்டைப் பஸ் ஏறும் முன்பே முடித்து, நள்ளிரவில் சுண்டலும் மோருமாகச் சிறிது உண்பது நடுவழி. இதன் பயன் பாஸ்டன் ஆய்வில் அளக்கப்படவில்லை. அதிலிருந்து நான் ஊகிப்பது.

நேரத்தைப் போலவே சேர்க்கையும் முக்கியம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. காரணம் தெரியாத அசதியும் எதிலும் பிடிப்பின்மையும் இரும்புச்சத்துக் குறைவின் முகங்களாகவும் இருக்கலாம். உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் அறிவுறுத்தியது. டீயின் டானின் உடலில் இரும்பு சேர்வதைக் குறைக்கும். ஆனால் அரை மணி இடைவேளையில் சோறும் டீயும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. டீ நேரத்தைத் தள்ளிவைப்பதும், கீரையோடு ஓர் எலுமிச்சைத் துண்டு வைப்பதும் கேண்டீனுக்குச் செலவே இல்லாத வேலை. தனி ஆளுக்கோ, இடைவேளை மணி அடிக்கும்போது இதில் எதுவும் கையில் இல்லை.

தட்டின் மீது உரிமையில்லாத நிலை எங்கே கொண்டுவிடும் என்பதை இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. 2021 டிசம்பரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மீண்டும் இயங்க ஜனவரி 12 ஆயிற்று.

சட்டம் இதை முன்பே எண்ணிப்பார்த்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேண்டீனைக் கேட்டதோடு, அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் இடம்பெற விதி செய்யவும் வழி வைத்தது. பணிப் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் அந்த வரம்பைக் காண்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து 100 ஆகக் குறைத்தது. அத்தகைய குழுக்கள் உப்பு, உறைப்பு பற்றிய புகாரோடு நின்றுவிடாமல், ஷிப்ட் அட்டவணையைப் பார்த்து உணவு நேரத்தை வகுக்கும் அதிகாரம் பெற வேண்டும்.

முன்பு சொன்ன நடுவழியைச் சோதித்துப் பார்க்கக் களமும் அருகிலேயே இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி 18,720 பெண்கள் தங்கக் கூடியது. விருப்பமுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இரவு ஷிப்ட் வாரங்களில் பஸ் புறப்படும் முன்பே விடுதியில் முழுச் சாப்பாடு. மற்றவர்களுக்கு வழக்கம்போல் நள்ளிரவில். இரு சாராரின் உறக்கத்தையும் மனநிலையையும் இரண்டு மூன்று ஷிப்ட் சுழற்சிகளுக்கு ஒரே வினாத்தாளால் அளக்கலாம். அந்த விடைத்தாள்கள் மட்டும் மேற்பார்வையாளர் கைக்குப் போகக் கூடாது.