எம் இல்லத்து அன்னம்

முடி மன்னர்களின் போர்களையும் வெற்றிகளையும் மட்டுமே வரலாறு எனக் கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. தாயகம் விட்டுப் பெயர்ந்த ஒரு குடும்பம் எதைச் சுமந்து வந்தது, எதைக் கைவிட்டது என்பதும் வரலாறேயன்றோ? கரியாஹாட்டில் எம் இல்லக் கூடத்தில் சங்கிலியில் தொங்கும் ஒரு பித்தளை அன்னத்தின் கதையை இம்மலரில் அன்பர்கள் முன் வைக்க விழைகின்றோம்.

1911 வரை இந்தியாவின் தலைநகராக விளங்கிய கல்கத்தாவுக்கு, அரசாங்க அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் வணிக நிலையங்களிலும் பணி நாடி நம்மவர் வந்தனர். லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ, கரியாஹாட் என இப்பகுதிகளில் குடியமர்ந்தனர். ஹௌரா மெயிலில் ஏற்றிய தகரப் பெட்டிக்குள் ஊர் ஊஞ்சல் அடங்கவில்லை, நெற்குதிர் அடங்கவில்லை, விளக்கு அடங்கிற்று. அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி அன்னம் எனக் குத்துவிளக்கைத் திருகிக் கழற்றி, வேட்டியில் சுற்றி வைக்கலாம். தூக்குவிளக்கின் சங்கிலியோ ஒரு பிடியில் அடங்கும். கம்மியர் கண்ட இத்திருகுவேலை, நம் விளக்குகள் நெடுந்தொலைவு பயணம் செய்யவும் துணையாயிற்று.

எம் அன்னம் கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்தது என்பது பாட்டியார் வாய்மொழி. அப்பகுதியில் விளக்கு என்றாலே நாச்சியார்கோயில்தான் நினைவுக்கு வரும். கல் கருடன் எழுந்தருளியிருக்கும் அவ்வூரில், காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டல் மண்ணைக் கொண்டு அச்சுப் பிடித்து, உருக்கிய பித்தளையை வார்த்து, கடைசல் பிடித்து, உளியால் செதுக்கி விளக்குகளைச் செய்கின்றனர். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

எம் அறியாமையையும் ஈண்டு மறைக்காமல் கூறவேண்டும். பல்லாண்டுகள் யாம் அவ்வன்னத்தை வெறும் அலங்காரம் என்றே கருதியிருந்தோம். ஊரிலிருந்து வந்த முதிய அத்தையார் ஒருவர் அதைக் கையிலெடுத்து, "இதன் வயிறு வெறுமையாக இருக்கிறதே! எண்ணெய் ஊற்றுவதில்லையா?" என்று வினவினார். அன்றுதான் உண்மை விளங்கிற்று. அன்னத்தின் உடலே எண்ணெய்க் கலம்! அதை நிரப்பி, இறுக மூடித் தட்டின் மேல் பொருத்தினால், அடியிலுள்ள சிறு துளை வழியே எண்ணெய் இறங்கும். தட்டில் எண்ணெய் உயர்ந்து துளையை மூடியதும் காற்று உட்புகாது, எண்ணெயும் நின்றுவிடும். திரி எரிய எரிய எண்ணெய் தாழும், துளை திறக்கும், காற்று நுழையும், மீண்டும் எண்ணெய் சுரக்கும். மூடி தளர்ந்தாலோ எண்ணெய் முழுதும் வழிந்துவிடும். ஈழத்தில் இவ்வகையைத் தூண்டாமணி விளக்கு என அழகுறப் பெயரிட்டு வழங்குகின்றனர்.

இந்நுட்பம் தொன்மையானது. இலங்கையில் தெதிகமை என்னும் ஊரின் தாதுகோபுர அகழ்வில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு வெண்கல விளக்கில், யானையின் உடலே எண்ணெய்க் கலமாக அமைந்து இவ்வாறே தொழிற்படுகிறது. அன்ன உருவமோ அதனினும் பழமையானது. இந்நகரில் 1814இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகத்தில், பீகாரின் ராம்பூர்வாவிலிருந்து வந்த மௌரியர் காலச் சிங்கத் தூண்தலை இருக்கிறது. சிங்கத்தின் காலடிப் பலகையைச் சுற்றி அன்னங்கள் வரிசையாய் நடப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கல்லில் நடந்த பறவையே நம் கூடத்தில் பித்தளையில் தொங்குகிறது!

நம் வங்காள அண்டை வீட்டாரும் பறவையைப் போற்றுவோரே. துர்கா பூசைக்குப் பின் வரும் முழுநிலவு நாளில் அவர்கள் இலக்குமியை வழிபடுவர். திருமகளின் ஊர்தி அவர்களுக்கு ஆந்தை. பர்த்தமான் பகுதியின் நதுன்கிராமத்துத் தச்சர் செதுக்கி வண்ணந்தீட்டும் மர ஆந்தை பல இல்லங்களில் வீற்றிருக்கிறது. ஆந்தை நம்மூரில் அபசகுனம். ஈங்கு செல்வத்தின் அடையாளம். எதிர்வீட்டு அம்மையார் எமக்கு ஓர் ஆந்தையை ஈந்தபின், அன்னமும் அதுவும் ஒரே கூடத்தில் இணங்கி வாழ்கின்றன.

எனினும் ஒரு துயரம் நெஞ்சை விட்டு அகலவில்லை. எம் அன்னத்துக்கு ஓர் இணை இருந்தது. எவர்சில்வர் மோகம் மிக்க 1970களில், பழம் பித்தளையை எடைபோட்டு வாங்கும் வணிகரிடம் அதைக் கொடுத்து, மூடியுள்ள இரு தூக்குப் பாத்திரங்கள் வாங்கினோம். அப்பாத்திரங்கள் இன்று இல்லை. அன்னமும் உருக்கப்பட்டிருக்கும். அதைக் கொடுத்தவர் பிறரல்லர், யாமே.

ஆதலின் அன்பர்களே, இல்லத்துப் பழம்பொருளை எடைக்குப் போடுமுன் அது என்ன தொழில் செய்தது என ஒரு முதியவரைக் கேளுங்கள். எவ்வூர், எவர் சீதனம், எந்த ஆண்டில் வந்தது என ஒரு தாளில் எழுதி வையுங்கள். களிம்பேறினால் புளியால் மெல்லத் துலக்குங்கள். செதுக்கு வேலை தேயுமாறு தேய்க்க வேண்டா. அயல்நாடு செல்லும் மக்களுக்குக் கொடுத்தனுப்புவோர் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தையும் நினைவிற் கொள்க: நூறாண்டு கடந்த சிற்பங்களையும் கலைப்பொருள்களையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல அது இடந்தருவதில்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, அன்னத்தின் வயிற்றை வெறுமையாக விடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் எம் பேரக்குழந்தைகள் அதில் எண்ணெய் நிரப்புகின்றனர். வங்க மொழியில் பேசிச் சிரித்தபடியே திரியேற்றுகின்றனர். விளக்கு எரிகிறது.