சிறார் இல்லத்தில் தப்பு நடந்தால் யார் பொறுப்பு? துறை இயக்குநரின் வேலை என்ன?

மீஞ்சூர், வள்ளூர், கும்மிடிப்பூண்டி என நீளும் தொழிற்சாலைப் பகுதியில், 17 வயது சிறுவன் ஒருவன் இரும்பு திருடியதாகப் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் முன் நிறுத்த வேண்டும். பிடிப்பது போலீஸ்; முடிவெடுப்பது ஒரு மாஜிஸ்திரேட்டும் 2 சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம். இந்த இரண்டிலும் துறை இயக்குநர் தலையிட முடியாது.

அப்புறம் அவருக்கு என்னதான் வேலை?

ஜாமீன் கிடைக்காத சிறுவன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். அங்கிருந்துதான் இயக்குநரின் பொறுப்பு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. சமூகப் பாதுகாப்புத் துறை என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்குப் புரியும். தலைமை அலுவலகம் சென்னை கெல்லீஸில் இருக்கிறது.

இல்லத்தில் சாப்பாடு, படிப்பு, மருத்துவம், மனநல ஆலோசனை எல்லாம் சரியாக நடக்கிறதா, ராத்திரி பொறுப்பில் யார் இருக்கிறார்கள், காலிப் பணியிடங்கள் எத்தனை என்பதெல்லாம் இயக்குநரகம் பார்க்க வேண்டியவை. 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவனின் குடும்பப் பின்னணி பற்றிய அறிக்கை 15 நாளில் குழுமத்துக்குப் போக வேண்டும். நன்னடத்தை அலுவலர் பணியிடம் காலியாக இருந்தால் அதை யார் எழுதுவது? ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் என்றால் மொழி தெரிந்த ஆளும் வேண்டும். விசாரணையை 4 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். அறிக்கை தாமதமானால் அந்தக் கெடுவும் தள்ளிப்போகும், பையன் உள்ளேயே கிடப்பான்.

செங்கல்பட்டில் நடந்தது

2022 டிசம்பர் கடைசியில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயது சிறுவன் ஒருவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் சேர்க்கப்பட்ட சில நாளிலேயே உயிரிழந்தான். தாக்கியதாக இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். (சிறுவனின் அடையாளத்தை வெளியிடச் சட்டத்தின் 74-வது பிரிவு தடை விதிக்கிறது.) இதைத் தொடர்ந்து, இல்லங்களின் நிர்வாகத்தை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. அந்தக் குழு 2023-ல் அறிக்கை கொடுத்தது.

குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்துக்கு நேரில் போக வேண்டும். ஆய்வுக் குழுக்கள் 3 மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். சட்டத்தில் கண்காணிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் குறை எழுதிய தாள் கடைசியில் துறையின் மேசைக்குத்தான் வரும். ஊழியரை மாற்றுவதும் பணம் ஒதுக்கக் கேட்பதும் அங்கேதான்.

தனியார் இல்லங்களும் இதில் அடங்கும். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ரூ.1 லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.

18 வயது முடிந்து வெளியே வருபவருக்கு 21 வயது வரை நிதியுதவி தரவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆதரவு தேவைப்படும் குழந்தையை எங்கே பார்த்தாலும் 1098-க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது.